கேட்டுப் பெற்ற ஞாயிறு

பம்பாய்ப் பஞ்சாலைகளில் பொழுது புலர்ந்தது முதல் சாயும்வரை உழைத்த தொழிலாளர்க்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று நாராயண் மேகாஜி லோகண்டே ஆண்டுக்கணக்கில் விண்ணப்பம் எழுதியும் கூட்டம் கூட்டியும் அரும்பிரயத்தனம் செய்து, கடைசியில் 1890-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆலை முதலாளிகளை அதற்கு இணங்க வைத்தார். தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியதும், வாரத்திற்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்று 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் விதித்ததும் அவ்வழியில் வந்த படிகளே. 2023-இல் 12 மணி நேர வேலைக்கு இடந்தரும் திருத்தம் நம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, எழுந்த எதிர்ப்பைக் கண்டு சில நாட்களிலேயே அரசு அதைத் திரும்பப் பெற்றதையும் நாம் அறிவோம். எத்தனையோ பேர் வருந்தி வாங்கித் தந்த அந்தப் பொழுதை, ஒருவரும் பறிக்காமலே நாமே வலியச் சென்று திருப்பிக் கொடுத்துவருகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

பிறரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சென்ற ஞாயிறு, காரியாலயத்து வாட்ஸ்ஆப் குழுவில் யாரோ கேட்ட, திங்கட்கிழமை சொன்னாலும் கெட்டுப்போகாத ஒரு கேள்விக்கு நான் விடை எழுதிக்கொண்டிருக்க, பள்ளியில் நடந்த ஏதோ ஒன்றைச் சொல்ல வந்த என் மகள் இரண்டு முறை 'அப்பா' என்று அழைத்துப் பார்த்து, நான் கொட்டிய 'உம்' என்பதன் பொருளை நன்கு உணர்ந்தவளாய்த் திரும்பிப் போய்விட்டாள். ஒரு மணி நேரம் கழித்து நானே கூப்பிட்டு, "என்னம்மா சொல்ல வந்தாய்?" என்று கேட்டபோது, "ஒன்றுமில்லை அப்பா" என்றாள். குழந்தையின் பேச்சு கறந்த பாலைப் போன்றது. அந்தச் சூட்டை மறுபடி அடுப்பில் வைத்து உண்டாக்க முடியாது.

வேலை முடிந்து மிச்சமிருந்தால் குடும்பத்துக்கு என்று நாம் எண்ணுகிறோம். மிச்சம் என்பது எந்த நாளிலும் இருப்பதில்லை. தீபாவளிச் சீட்டுக் கட்டும் இல்லத்தரசி, மாதச் செலவெல்லாம் போக மிஞ்சியதைக் கட்டுவதில்லை. சம்பளம் வந்த அன்றே அதை எடுத்து வைத்துவிட்டு, மற்றச் செலவுகளை எஞ்சிய பணத்துக்குள் அடக்குகிறாள். பொழுதையும் அவ்விதமே முதலில் எடுத்து வைக்கும் சங்கற்பம் வேண்டும்.

அதற்காக மலைவாசஸ்தலத்துக்கோ பெரிய கடைவளாகத்துக்கோ போக வேண்டும் என்பதில்லை. ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து நால்வரும் நான்கு கைப்பேசிகளைப் பார்த்துத் திரும்புவதற்கு அவ்வளவு செலவு எதற்கு? நம் வீடுகளில் ஞாயிறு எல்லோருக்கும் ஓய்வு நாள். சமைப்பவளுக்கு மட்டும் அதுவே வாரத்தில் அதிக வேலையுள்ள நாள். கறிக்குழம்பும், ஒரு வாரத்துத் துணியும், மறுநாள் இட்லிக்கு மாவரைப்பதும் அவள் தலையில் விழ, மற்றவர்கள் கூடத்தில் அமர்ந்து குடும்பத்தோடு இருப்பதாகச் சொல்லிக்கொள்வது நியாயமன்று. கால்படிச் சின்ன வெங்காயத்தை நடுவில் கொட்டி, அப்பாவும் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து உரித்துப் பாருங்கள். கை வேலையாயிருக்கும்போது, நேருக்கு நேர் கேட்டால் வாராத பேச்செல்லாம் தானாக வரும்.

ஞாயிறும் பணிக்குச் செல்லும் செவிலியர்க்கும் பேருந்து ஓட்டுநர்க்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் இந்த உபதேசம் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்கு வேண்டியது சட்டத்தின் பாதுகாப்பும், முறை வைத்து விடுப்புத் தரும் முதலாளியின் மனமுமே. ஆனால் நம்மில் பலர் அந்த நிலையில் இல்லை. விடையளிக்கச் சற்றுத் தாமதித்தால் என்ன நினைப்பார்களோ என்ற சொந்தப் பயத்துக்கே நாம் அடிமைகள்.

வருகிற ஞாயிறு முற்பகலில் மேலதிகாரி அழைத்தால், "வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன் ஐயா, ஒரு மணிக்கு மேல் பேசுகிறேன்" என்று சொல்லிவிடத் தீர்மானித்திருக்கிறேன். பம்பாய் ஆலைத் தொழிலாளி அவ்வளவு சொல்வதற்கான உரிமையைப் பெறவே பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.