துண்டுத் துணிப் போர்வை

பழைய நூற்சேலைகளை அடுக்கித் தைத்துப் போர்வையாக்குவது பல ஊர்ப் பெண்கள் அறிந்த கைவேலை. வங்காளத்தில் அதனைக் 'காந்தா' என்பர். வட கர்நாடகத்தில் 'கௌதி' என்பர். தாராபுரத்துச் சகோதரிகளுக்கோ திருப்பூரின் பனியன் வெட்டுத் துண்டுகளும் எளிதில் கிடைக்கின்றன. சிக்கலும் அதில்தான் இருக்கிறது.

பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது, இழுத்தால் நீளும். சேலையோ பாவும் ஊடுமாக நெய்யப்பட்டது, அவ்வாறு நீளாது. இரண்டையும் ஒரே போர்வையில் கலந்தால், மாதக்கணக்கில் செய்த வேலை சில சலவைகளிலேயே கோணி அலையலையாகிவிடும். பனியனுக்குப் பனியன், சேலைக்குச் சேலை என்று முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதுத் துணியை வெட்டுமுன் நனைத்து உலர்த்துங்கள். சுருங்க வேண்டிய பருத்தி அப்போதே சுருங்கட்டும். சிவப்பையும் கருநீலத்தையும் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், எவ்வளவு அழகாயிருந்தாலும் விலக்கிவிடுங்கள். பழஞ்சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நைந்த இடம் தெரியும். அப்பகுதியை நடு அடுக்கில் வைக்கலாம்.

அடுக்குகளைச் சமதரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பெரிய தையலாக நூலோட்டிய பின்னரே நெருக்கமான தையலைத் தொடங்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து தங்கும். வண்ணச் சேர்க்கை அவரவர் கண்ணுக்கு உரியது. அதில் நாம் தலையிடவில்லை.

கதகதப்பை எண்ணி ஐந்தாறு அடுக்கு வைப்பவர் உண்டு. நனைந்தபின் அதனைப் பிழிந்து கொடியில் போட இரண்டு பேர் வேண்டும். நம் ஊர் மார்கழிக்கு மூன்று அடுக்கே தாராளம்.