அம்புக்குறியைக் கடைசியில் வரைவோம்

கேரி தீவின் செம்பனைத் தோட்டங்களில் உரம் போட்ட மறுநாள் மரத்தடியைப் பார்த்தால் செங்கல் தூளை இறைத்தது போலிருக்கும். அதுதான் பொட்டாஷ், நம் பாடநூலின் பொட்டாசியம் குளோரைடு. தூய நிலையில் வெள்ளை. சுரங்கத்திலிருந்து கூடவே வந்த இரும்பு ஆக்சைடு அதைச் சிவப்பாக்கியிருக்கிறது.

அந்தத் தீவிலிருந்து வரும் நான்காம் படிவ மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "சார், பொட்டாசியத்தத் தண்ணியில போட்டா தீப்பிடிக்கும்னு சொன்னீங்க. எங்கப்பா மழை ஈரத்துல பொட்டாஷ கையால அள்ளிப் போடுறாரே?"

அவளுடைய கேள்வியில் பிழையில்லை. கரும்பலகையில் நான் வரைந்த படத்தில்தான் பிழை. இரண்டு வட்டங்கள், நடுவே ஓர் அம்புக்குறி. உலோகம் கொடுத்தது, அலோகம் வாங்கியது, இரண்டுக்கும் எட்டு நிறைந்தது, பிணைப்பு உண்டானது. எஸ்பிஎம் தேர்வில் மதிப்பெண் வாங்க இது போதும். ஆனால் எலக்ட்ரான் கைமாறுவதே பிணைப்பு என்றும், இந்தப் பொட்டாசியத்துக்கு அந்தக் குளோரின்தான் ஜோடி என்றும் பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். வாயு நிலையில் பொட்டாசியம் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்க மோலுக்கு 419 கிலோஜூல் செலவு. குளோரின் அணு அதை ஏற்கும்போது கிடைப்பது 349 மட்டுமே. ஆக, 70 நட்டம். உலோகத்தை ஆவியாக்கவும் குளோரின் மூலக்கூற்றைப் பிளக்கவும் ஆகும் செலவு தனி. எட்டை நிறைவாக்கும் 'ஆசை' இந்த நட்டத்தை விளக்காது. எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் நெருங்கி, ஒவ்வொன்றையும் எதிரினம் ஆறு சூழப் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது ஏறக்குறைய 717 கிலோஜூல் வெளிப்படுகிறது. கடனை அடைப்பது அதுதான். எலக்ட்ரான் மாற்றத்தைக் கோசல் 1916இல் முன்வைத்தார். மூன்றே ஆண்டில் போர்னும் ஹேபரும் ஆற்றல் கணக்கைத் தந்துவிட்டார்கள். நாம் இன்னும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஜோடி கிடையாது என்பதற்குக் கேரி தீவின் மண்ணே சாட்சி. கடல் கொண்டுவந்து சேர்த்த களிமண் அது. துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை. மழையில் பொட்டாஷ் கரைந்ததும் பொட்டாசியம் அயனிகளில் பெரும்பங்கைக் களிமண் பிடித்துவைத்துக்கொள்கிறது. குளோரைடுக்கு அங்கே பிடிப்பில்லை. வேர் உறிஞ்சியது போக மிச்சம் நீரோடு வாய்க்காலில் இறங்கி, அணைகரையின் மதகு திறக்கும்போது கடலுக்குப் போய்விடுகிறது.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை இந்தப் பாடத்துக்கு ஒரு பிடி உரத்தோடு வகுப்புக்குப் போங்கள். முதலில் படிக அடுக்கை வரையுங்கள், பிறகு ஆற்றல் கணக்கு. அம்புக்குறி கடைசியில் வரட்டும்.

அந்த மாணவிக்கு நான் சொல்லவேண்டியிருந்த பதில் இதுதான்: அப்பா அள்ளும் உரத்தில் பொட்டாசியம் உலோகம் ஒரு துளிகூட இல்லை, அம்மா. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடல்களில் படிந்த உப்பு அது. அந்தக் கடல்நீரில் இருந்தபோதே பொட்டாசியமும் குளோரைடும் அயனிகள்தாம்.