பட்டு எடுக்கும்போது பார்வை எங்கே?

முகூர்த்தப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் கடைக்கு வருகிறது. மணப்பெண், அம்மா, அப்பா, அத்தை, சித்தி, இரண்டு குழந்தைகள். மொத்தம் 7 பேர். கையில் செல்போன் 5!

"அரக்குச் சிவப்பு காட்டுங்கண்ணே" என்கிறார் அம்மா.

சிப்பந்தி எடுத்து விரிக்கிறார். அதற்குள் அம்மாவின் போன் அடிக்கிறது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விடுகிறார். சித்தி, துபாயில் இருக்கும் தன் தங்கைக்கு வீடியோவில் கடையைச் சுற்றிக் காட்டுகிறார். அத்தையின் கண் பக்கத்தில் இருப்பவர்கள் எடுக்கும் புடவையின் மேல். அப்பா விலைச் சீட்டை மட்டும் புரட்டுகிறார்.

விரித்த புடவையை யாரும் பார்க்கவில்லை. 10 நிமிஷம் கழித்து அம்மா திரும்பி வருகிறார்.

"அரக்குச் சிவப்பு கேட்டேனே, இன்னும் காட்டலையா?"

சிப்பந்தி சிரிக்கிறார். மடித்து வைத்ததை மறுபடியும் விரிக்கிறார்.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டிலும், சென்னை தியாகராய நகரிலும் கல்யாண ஜவுளி விற்பவர்களுக்கு இது தினசரிக் காட்சி.

நிற்கும் கால்கள்

தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் ஜவுளிக்கடையில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு குடும்பம் எழுந்தால் அடுத்த குடும்பம் உட்காரும். பட்டுப் புடவையை விரிப்பது நொடியில் முடிந்துவிடும். மடிப்பது அப்படி அல்ல. கரையோடு கரை சேரவேண்டும். சரிகை கசங்கக்கூடாது. ஒரு குடும்பம் 50 புடவை பார்த்தால், அந்த 50-ஐயும் யாராவது ஒருவர் மடித்துத்தான் ஆகவேண்டும்.

நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்யும் கடைச் சிப்பந்திகளின் கஷ்டத்தைப் பார்த்துத்தான், 2021-ம் ஆண்டு தமிழக சட்டசபையில் ஒரு சட்டத் திருத்தம் நிறைவேறியது. கடைகளில் வேலை செய்வோர் எல்லோருக்கும் உட்கார வசதி செய்து தரவேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

நல்ல சட்டம்தான். ஆனால் ஒரே புடவையை 3 தடவை காட்டச் சொன்னால் உட்கார நேரம் ஏது? நாற்காலியைச் சட்டம் கொடுக்கும். நேரத்தை வாடிக்கைக்காரர்கள்தான் கொடுக்கவேண்டும்.

நஷ்டம் யாருக்கு?

"காசு கொடுக்கிறோம், காட்டட்டுமே!" என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான். பட்டு எடுப்பது கத்தரிக்காய் வாங்குவதுபோல அல்ல. பத்துப் பார்த்துத்தான் ஒன்று எடுக்கவேண்டும். பலபேர் வருவதும் தவறு இல்லை. கல்யாணம் என்றால் அத்தையும் சித்தியும் வராமல் இருப்பார்களா?

எத்தனை புடவை வேண்டுமானாலும் பார்க்கட்டும். காட்டச் சொல்லிவிட்டுப் பார்க்காமல் இருப்பதுதான் தவறு. அதனால் சிப்பந்திக்குக் கால் வலி. வாங்குபவருக்குப் பண நஷ்டம்!

காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்கிறார்கள். ஒரு புடவை முடியப் பல நாட்கள் ஆகும். அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. விலை குறைந்த கலப்புச் சரிகையும் உண்டு. எது எந்தச் சரிகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சுத்தப் பட்டு என்பதற்கு அடையாளமான 'சில்க் மார்க்' சீட்டு இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். சிப்பந்தி இதையெல்லாம் சொல்லும்போது காது போனில் இருந்தால், சந்தேகம் வீட்டுக்குப் போன பிறகுதான் வரும்.

நிறமும் அப்படித்தான். போனில் தெரியும் நிறத்தை நம்ப முடியாது. துபாய்த் தங்கை "மயில் கழுத்து நல்லா இருக்கு" என்பார். இங்கே விரித்திருப்பது ராமர் பச்சையாக இருக்கும்!

மணப்பெண் சொன்னது

அந்தக் குடும்பம் வந்து 3 மணி நேரம் ஆகிவிட்டது. குழந்தைகள் அழுகிறார்கள். எல்லோருக்கும் அலுப்பு. "ஏதாவது ஒண்ணை எடுத்துட்டுக் கிளம்புவோம்" என்கிறார் அப்பா.

அப்போது சிப்பந்தி, ஓரமாக வைத்திருந்த ஒரு மாம்பழ மஞ்சள் புடவையை எடுத்து நடுவில் வைக்கிறார்.

"அம்மா, பாப்பா இதைத்தான் வந்தவுடனே கேட்டுச்சு."

உண்மைதான். அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். வீட்டார் யாருக்கும் கேட்கவில்லை. கவனித்தவர் சிப்பந்தி ஒருவர்தான்.

அவள் முகத்தை அம்மா அப்போதுதான் பார்க்கிறார்.

எல்லாப் பெண்களுக்கும் இப்படி ஒரு சிப்பந்தி கிடைப்பாரா? கிடைக்கவில்லை என்றால், பிடிக்காத புடவையைக் கட்டிக்கொண்டுதான் மணமேடையில் உட்காரவேண்டும்.

என்ன செய்யலாம்?

கடைக்குள் நுழைந்ததும், எவ்வளவு ரூபாய்க்குள் எடுக்கவேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். பாதிப் புடவைகளை விரிக்க வேண்டிய வேலையே இருக்காது. முதலில் பெண் பேசட்டும், பெரியவர்கள் பிறகு பேசலாம். வர முடியாத பாட்டிக்கும் வெளிநாட்டுச் சித்திக்கும் கட்டாயம் காட்டுங்கள். ஆனால் 2 அல்லது 3 புடவைகளைப் பிரித்து வைத்தபிறகு காட்டுங்கள். முடிவு செய்யும் முன்பு, கடைக்காரரிடம் கேட்டு வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை நிறத்தைப் பாருங்கள்.

அதுவரை செல்போன் பைக்குள் இருக்கட்டும். எழுந்து வரும்போது, புடவைகளை மடித்துக்கொண்டிருக்கும் அந்த மனிதரிடம் "ரொம்பப் பொறுமையா காட்டினீங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.