லயக் காம்பராவும் இல்ல அலங்காரமும்

இல்லத்தின் உள்ளமைப்பு சூழலைக் கெடுக்காததாகவும் நெடுங்காலம் நிலைப்பதாகவும் இருத்தல் வேண்டும் என்னும் கருத்து அண்மைக்காலத்தில் பெரிதும் பேசப்படுகின்றது. மூங்கில் விளக்கு, பழைய பலகையிற் செய்த மேசை, சுடுமண் தரை, கைத்தறித் திரை என அதற்கு இலக்கணமும் வகுக்கப்பட்டுள்ளது. கருத்திற் பிழையில்லை. யாருடைய இல்லத்தை மனதிற்கொண்டு அது பேசப்படுகின்றது என்பதிலேயே பிழை உள்ளது. கொத்மலைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தினுள் நின்று இவ்விலக்கணத்தைப் படிப்போர்க்கு அதன் போலித்தன்மை எளிதில் விளங்கும்.

தொழிலாளரை ஓரிடத்தில் அடைத்துக் கண்காணிப்பதற்கு வசதியாகப் பிரித்தானியத் தோட்டத்துரைமார் அமைத்ததே லயம். பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட ஒற்றைக் காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். முதுகோடு முதுகொட்டிய இரட்டை லயங்களிற் பின்சுவரில் யன்னல் வைப்பதற்கே வழியில்லை. பகலிற் சூடேறும் தகரம் இரவிற் குளிர்ந்து நீர் சொட்டும். பள்ளத்தாக்கின் கீழே 1985 இல் நிறைவுற்ற கொத்மலை நீர்த்தேக்கம் 201 மெகாவாட் மின்னாற்றல் கொண்ட நிலையத்தை இயக்குகின்றது. மேலே லயத்தினுள் நண்பகலிலும் இருள்.

இந்த 120 சதுர அடியினுள் நிகழும் உள்ளமைப்பு வேலையைக் கலைக்கண்கொண்டு நோக்கியோர் மிகச் சிலரே. கொழுந்து பறிக்கையில் இடையிற் கட்டிய பழைய படங்கு இங்கே தடுப்புத் திரையாகின்றது. மாச்சாக்கு தலையணையாகின்றது. செய்தித்தாள் சுவரின் வெடிப்பை மூடுகின்றது. பரணில் அடுக்கிய கவ்வாத்து மிலாறு அடுப்புப் புகையிலேயே உலர்கின்றது. மகனுக்குத் திருமணமானால் இஸ்தோப்பு அடைக்கப்பட்டு அறையாகின்றது. எப்பொருளையும் வீணாக்காமையே நிலைபேறு எனின், இந்நாட்டில் இதனினும் நிலைபேறான இல்லம் வேறில்லை. எனினும், இதனை எளிமையின் அழகு எனப் புகழ வருவோர் முதலில் ஒரு மாரிகாலம் அங்கே குடியிருந்து பார்க்கட்டும்.

புகையை மட்டும் எடுத்துக்கொள்வோம். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் பெண், மலையிலிருந்து திரும்பியதும் மீண்டும் அதே அடுப்பின் முன் அமர்கின்றாள். அவள் பிள்ளைகள் உறங்குவதும் அப்புகையினுள்ளேயே. விறகைச் சிக்கனப்படுத்தும் அனகி என்னும் களிமண் அடுப்பு 1980களிலேயே இந்நாட்டில் உருவாக்கப்பட்டுவிட்டது. ஆயின், அடுப்பு மாறினாற் போதாது, புகைபோக்கியும் வேண்டும். புகைபோக்கிக்குக் கூரையைத் துளைக்கவேண்டும். கூரையோ அவளுடையதன்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை கம்பனிகளின் கைக்கு மாறியது. இவ்விரு மாற்றங்களும் காம்பராவின் சுவரில் ஆணியடிக்கும் உரிமையைக்கூட அதில் வாழ்பவர்க்கு வழங்கவில்லை.

'தொழிலாளர்க்கு வீட்டைப் பேணத் தெரியாது. எதைக் கொடுத்தாலும் லயமாக்கிவிடுவர்' என்பாருமுளர். நாளை தன்னுடையதாக இருக்குமோ என்று அறியாத சுவருக்கு எவன் தன் காசைச் செலவிட்டுச் சுண்ணாம்பு பூசுவான்? கொழும்பின் வாடகை வீடுகளில் வாழும் கனவான்கள் செலவிடுகிறார்களா? அவர்களை நோக்கி எவரும் இக்குற்றச்சாட்டைக் கூறுவதில்லை.

மலைநாட்டிலேயே இதற்கு வேறொரு மரபு இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. கண்டியிற் பிறந்த கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா (1918–1998), தும்பறை நெசவையும் அரக்கு வேலையையும் சுடுமண் ஓட்டையும் நவீன வீட்டினுள் கொணர்ந்தவர். அதனினும் பெரிது அவர் 1950களில் வத்தபுலுவை வீடமைப்புத் திட்டத்திற் செய்தது. குடியேறவிருந்தோரிடம் வினாக்கொத்துகளைக் கொடுத்து, அவர்தம் வாழ்க்கைமுறையைக் கேட்டறிந்த பின்னரே அவர் வீடுகளை வரைந்தார். அவர்கள் அரசாங்க உத்தியோகத்தர், ஆகவே கேட்கப்பட்டனர். தோட்டத் தொழிலாளரிடம் அத்தகைய வினாக்கொத்தை நீட்டும் வழக்கம் எந்த ஆட்சியிலும் வேரூன்றவில்லை.

கந்தப்பளையின் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் உல்லாச விடுதியாக மாற்றப்பட்டபோது அதன் இரும்புத் தூண்களும் இயந்திரமும் கவனமாகக் காக்கப்பட்டன. நல்ல வேலைதான். கொழுந்தை அரைத்த பொறிக்குக் கிடைத்த அக்கவனம் கொழுந்தைப் பறித்த கையின் குடியிருப்புக்குக் கிடைத்திலது.

இந்திய உதவியுடன் கட்டப்படும் தனிவீடுகள் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி கொண்டவை. 2017 இல் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. லயத்தினின்றும் வெளியேறுதல் பெருஞ்சாதனையே. அதை மறுப்பது நன்றிகேடு. ஆயினும் சரிவான மலைக்கும் சமதரைக்கும் ஒரே வரைபடம், காற்று எத்திசையில் வீசினும் ஒரே சமையலறை என்னும் போக்கை ஏற்கவியலாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மண்சரிவுகளின் பின்னர், எங்கே கட்டுவது என்னும் வினா எப்படிக் கட்டுவது என்பதனினும் முந்திவிட்டது.

அடுத்த வரைபடத்தைத் தயாரிப்போர் தவலந்தென்னைக்கோ இறம்பொடைக்கோ வந்து, அந்திவேளையிற் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்களிடம் கேட்கட்டும்: அடுப்பு எந்தச் சுவரோரம் இருக்கவேண்டும்? நனைந்த படங்கை எங்கே உலர்த்துவது? பிள்ளை படிக்கும் விளக்கு எந்த மூலையில்? உறுதிப்பத்திரம் யார் பெயரில்?