பேட்டரி வேண்டாத சென்சார்

‘ஸ்மார்ட்’ என்ற வார்த்தை நம்மூரில் முதலில் மாப்பிள்ளைகளுக்குத்தான் புழங்கியது. ‘பையன் ஸ்மார்ட்டா இருக்கான்’ என்றால் மீசையை ஒழுங்காக வெட்டியிருக்கிறான், சட்டைப் பையில் பேனா இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் போனுக்கு வந்தது. 2015 ஜூனில் ஊருக்கே வந்துவிட்டது.

நாடு முழுக்க 100 நகரங்கள், தமிழ்நாட்டில் 11. ஊருக்கு மத்திய அரசு 5 வருஷத்தில் 500 கோடி வரை தரும். மாநிலமும் அதே அளவு போட வேண்டும். மொத்த ஊரையும் இடித்துக் கட்ட அது போதாதே! அதனால் ஒரு பேட்டையைத் தேர்ந்தெடுத்துப் பளபளவென்று ஆக்குவது, கூடவே ஊர் பூராவுக்கும் ஒரு கம்ப்யூட்டர் சமாசாரம் என்று ஏற்பாடு. சென்னை தி.நகரைக் கை காட்டியது. கோவை தன் குளங்களை. 2016 ஜனவரியில் வந்த முதல் 20 நகரப் பட்டியலில் இரண்டுமே பாஸ்.

பலன் இல்லாமலில்லை. உக்கடம் பெரியகுளக் கரையில் சாயங்காலம் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை திறந்தார்கள். புடவைக் கடைக்குள் போன மனைவிக்காகக் காத்திருக்கும் கணவன்மார்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. சாமானிய சாதனையா இது?

2021 நவம்பரில் மழை வந்தது. தி.நகர் தெருக்களில் முழங்கால் தண்ணீர். 1920-களில் ஏரி நிலத்தில் போட்ட மனைகள்தான் தி.நகர். விலாசம் மாறிய தகவல் தண்ணீருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் நிற்கும், எந்தக் கால்வாய் எங்கே அடைக்கும் என்று அறிய நம்மிடம் பழைய சென்சார் ஒன்று உண்டு. பெயர், வார்டு கவுன்சிலர். பேட்டரி வேண்டாம். வீட்டு வாசலில் நின்று கத்தினால் வேலை செய்யும்.

அந்த வருஷங்களில் அதுதான் இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மாநகராட்சிகளுக்கு மறு தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஸ்மார்ட் சிட்டி வேலைகளைப் பார்த்ததோ, மாநில அரசும் மாநகராட்சியும் சரிபாதிப் பங்கு வைத்த தனிக் கம்பெனி. ஃபைல் சீக்கிரம் நகரும் என்பது யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் கம்பெனியின் போர்டு மீட்டிங்கில் ‘எங்க தெரு சாக்கடை என்னாச்சு சார்?’ என்று எழுந்து கேட்க யார் இருந்தார்கள்?

கவுன்சிலர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. மழைக்காலத்தில் அவர்களுக்கு ஓட்டு பயம் உண்டு. சாஃப்ட்வேருக்குக் கிடையாது.

2025 மார்ச் 31-ல் திட்டத்தை மூடிவிட்டார்கள். வேறு பெயரில் இன்னொன்று வராமல் போகாது. அப்போது கேட்பதற்கு வசதியாக ஒரு சின்னப் பரீட்சை: உங்கள் போனில் எத்தனை ஜி.பி. என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். உங்கள் வார்டு நம்பர் என்ன?