இந்திராவின் காடும் எங்கள் கண்மாயும்

இந்திரா காந்தியைப் பறவைகள் பக்கம் திருப்பியது, டேராடூன் சிறையிலிருந்து நேரு அனுப்பிவைத்த சாலிம் அலியின் புத்தகம். பின்னாளில் அவரே இதைப் பதிவுசெய்திருக்கிறார். அந்த ஈடுபாடு பொழுதுபோக்கோடு நிற்கவில்லை. 1972இல் நடந்த ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் மாநாட்டில், ஸ்வீடன் பிரதமரைத் தவிர, நேரில் கலந்துகொண்ட அரசின் தலைவர் அவர் ஒருவரே. அதே ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம், 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம் என அடுத்தடுத்து வந்தன. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு இன்று காடாகவே இருப்பதற்கு அவருடைய உறுதியும் ஒரு காரணம்.

இந்தப் பட்டியலை நான் மதிக்கிறேன். ஆனால், காடுகளைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றிய 42ஆவது அரசமைப்புத் திருத்தம், எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்த 1976இல் நிறைவேறியது. 1982இல் பரத்பூர் சரணாலயத்தில் மேய்ச்சல் தடையை எதிர்த்த கிராமத்தினர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். இந்திராவின் அந்த உறுதி இல்லாவிட்டால் பல காடுகள் மிஞ்சியிருக்காது என்பார்கள். அதை நானும் ஏற்கிறேன். என் கவலை வேறு. ஒரு தலைவரின் நேசம் அவர் கண்ணில் பட்ட இடங்களைத்தான் காக்கும். அவர் கண்ணில் மலையும் காடும் கடற்கரையும் பட்டன. அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்று 1981இல் அவர் முதல்வர்களுக்கு எழுதிய கடிதம், பத்தாண்டுகளில் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையாக வளர்ந்தது. கண்மாய்க்கு அப்படியொரு கடிதம் வரவில்லை.

மதுரை திருப்பரங்குன்றத்தின் தென்கால் கண்மாய் காடு அல்ல. மடை, கலுங்கு, கரை என மனிதர் கட்டிய நீர்நிலை அது. தண்ணீர் நின்றால் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் வரும். 1972 சட்டம் அந்தப் பறவைகளைக் காக்கிறது. சரணாலயமாக அறிவிக்கப்படாதவரை அவை இறங்கும் நீரைக் காப்பதில்லை. மயிலும் அப்படித்தான்: அதைத் தொட முடியாது, அது கொத்திய நெல்லுக்கு உழவர் என்ன செய்வார் என்பதற்குச் சட்டத்தில் சரியான விடை இல்லை. கண்மாயைக் காக்கவே முடியாது என்றும் சொல்வதற்கில்லை. இந்திராவின் ஆட்சியில் இந்தியா இணைந்த, ஈரநிலங்களுக்கான ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில், ராமநாதபுரத்தின் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல் இடம்பெற்றன. இரண்டும் கண்மாய்கள்தாம்.

அதே 2022இல் மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி, தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. இருந்தும், 2024இல் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் நடந்தது. கிராம சபைத் தீர்மானங்களும் மதுரை நோக்கி நடந்த மக்களும் சேர்ந்துதான் 2025 ஜனவரியில் அதை ரத்துசெய்ய வைத்தார்கள். மாநகராட்சிக்குள் வந்துவிட்ட திருப்பரங்குன்றத்துக்குக் கிராம சபை இல்லை. பகுதி சபை உண்டு. அதன் அடுத்த கூட்டத்திலேயே தென்கால் கண்மாயின் நீர்ப்பரப்பை அளந்து, எல்லைக்கல் நட்டு, வரைபடத்தை வெளியிடக் கோரும் தீர்மானத்தை வைக்க வேண்டும்.

- கட்டுரையாளர், நீர்நிலைச் சூழலியல் ஆய்வாளர்.