ரேடியேட்டர் பின்னால் இருந்தால் குற்றமா?

எங்கள் தெருவில் ஒரு கார் ஒன்றரை வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. எதிர்வீட்டுப் பையன் கட்டியது. பாலிடெக்னிக் முடித்தவன். பழைய மாருதி 800 ஒன்றை வாங்கி, அதன் 796 சி.சி. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் கழற்றிப் பின்பக்கம் மாட்டினான். முன்னால் கூரான மூக்கு, கூரை கிடையாது, தரையோடு தாழ்ந்த உடம்பு. மூக்கில் இடமில்லாததால் ரேடியேட்டரும் பின்னால் போய்விட்டது. அமெரிக்காவில் இப்படிக் கட்டும் வண்டிக்கு ஹாட் ராட் என்று பெயராம்.

தெருவே சிரித்தது. என்னோடு நடைப்பயிற்சிக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர், "மூக்கைக் கொண்டுபோய் முதுகுல வெச்சிருக்கான் சார்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். வேலை முடிந்தபின் மனைவியின் ஊரான திண்டுக்கல்லுக்கு வந்தேன். சின்ன வயதில் அங்கே ரெனோ 'கத்ர் ஷெவோ' காரைப் பார்த்திருக்கிறேன். நாலு குதிரை என்று பொருள். எஞ்சினும் பின்னால், ரேடியேட்டரும் பின்னால். முன்பக்கத்துக் குரோம் பட்டைகள் வெறும் மீசை, அழகுக்கு. பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள திறப்பு வழியாகக் காற்று உள்ளே போகும். 1947 முதல் 1961 வரை அதில் 10 லட்சத்துக்கு மேல் விற்றார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், பைபாஸில் ராத்திரி போகிற வால்வோ பஸ்ஸைப் பாருங்கள். எஞ்சின் பின்னால், ரேடியேட்டரும் பின்னால். அதில் ஏறி ஏ.சி.யில் தூங்கிக்கொண்டு சென்னை போகிறவர்கள்தான் இந்தப் பையனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

சுலபமான வேலை என்று சொல்லவில்லை. முதலில் ரேடியேட்டரை வண்டியின் வால் பக்கம் நிறுத்தி வைத்தான். ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்று சுழலுமே தவிர ரேடியேட்டருக்குள் நுழையாது. பிறகு இடதுபுறம் மாற்றி, பின்சக்கரத்துக்கு முன்னாலிருந்து தகரக் குழாய் வைத்துக் காற்றைக் கொண்டுவந்தான். மின்விசிறியின் ஒயரை மாற்றிக் கொடுத்ததில் அது வரும் காற்றை எதிர்த்து ஊதியது. ஆறே நிமிடத்தில் முள் சிவப்புக்குப் போனது. அதைச் சரி செய்தால் அடுத்தது ஏர் லாக். ரேடியேட்டரின் தலை எஞ்சினின் தலையைவிடத் தாழ்ந்திருந்தது. உயரமான இடத்தில் காற்று சிக்கிக்கொண்டு தண்ணீர் சுற்றவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்ன டேங்க் வைத்து அதில் மூடியைப் போட்டான். மூடிக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு தகடு வைக்கச் சொன்னது நான். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 120 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் நிற்கும். குழாய் வெடித்தால் முதுகு வெந்துபோகும்.

மே மாதம், மத்தியானம் ஒரு மணி, ஆத்தூர் பக்கம் அவன் மாமாவின் தென்னந்தோப்பு. வண்டியை நிறுத்தி வைத்தபடியே நாற்பது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டோம். விசிறி தானாகப் போட்டது, தானாக நின்றது. முள் பாதியைத் தாண்டவில்லை. "தாத்தா, பாத்தீங்களா" என்று அவன் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெயிலில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகுதான் ஒரு அலுவலகத்துக்குப் போனோம். ரேடியேட்டரை யாரும் பார்க்கவில்லை. பிரேக்கைப் பார்க்கவில்லை. வண்டியையே பார்க்கவில்லை. "ஆர்.சி.யில என்ன இருக்கோ அதுதான் வண்டி" என்றார் அங்கிருந்தவர். நானும் குமாஸ்தாவாக இருந்தவன். அந்த வாக்கியத்தை வேறு வேறு உருவில் நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்வது எவ்வளவு சுகம் என்று எனக்குத் தெரியும்.

அவர் சொன்னது சட்டப்படி சரி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தயாரித்த நிறுவனம் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கில், உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. லாரிக்குக் கண்டபடி பாடி நீட்டுகிறவர்களையும், சைலன்சரைக் கழற்றிவிட்டு பஸ் ஸ்டாண்டைச் சுற்றுகிறவர்களையும் நினைத்தால் அந்தத் தீர்ப்பை நானும் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அதே சட்டம் கேஸ் கிட் மாட்ட வழி வைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றி அமைக்கவும் வழி உண்டு. ஆக, மாற்றம் என்றாலே ஆபத்து என்று சட்டமே நினைக்கவில்லை. தானே ஒரு வண்டி கட்டியவனுக்கு மட்டும் கதவு இல்லை. புது மாடல் என்று பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகலாமே என்கிறார்கள். அது ஆயிரக்கணக்கில் வண்டி செய்யும் கம்பெனிக்கு வகுத்த வழி. ஒற்றை வண்டிக்காரன் அந்தச் செலவுக்கு எங்கே போவான்?

பிரான்சில் 'ரெசெப்ஸியோன் ஆ தித்ர் இஸோலே' என்று ஒரு ஏற்பாடு உண்டு. தனி ஒரு வண்டிக்கான அனுமதி. வண்டியைக் கொண்டு வா, சோதிக்கிறோம், விதிகளுக்கு ஒத்துவந்தால் காகிதம் தருகிறோம் என்பதுதான் அதன் சாரம். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இதுபோல உண்டு. அந்த நாடுகளில் சாலைப் பாதுகாப்பை நம்மைவிடக் குறைவாக மதிக்கிறார்கள் என்று யாராவது சொல்வார்களா? திண்டுக்கல்லில் பூட்டு செய்கிறவர்கள் பூட்டோடு சாவியும் செய்து கொடுத்துத்தான் காசு வாங்குகிறார்கள்.

பையன் இப்போது கோயம்புத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறான். தீபாவளிக்கு வந்தபோது ரேடியேட்டரில் துரு பிடிக்கும் என்று தண்ணீரை இறக்கிவிட்டுப் போனான். ஒற்றை வண்டிக்குச் சோதனை முறை வேண்டும் என்று நான் போக்குவரத்து ஆணையருக்கு மூன்று பக்க மனு எழுதியிருக்கிறேன். பொருள், பார்வை எல்லாம் முறைப்படி போட்டு, நகலும் வைத்திருக்கிறேன். ஒப்புகை அட்டை வந்துவிட்டது.